கேக்கைப் பார்க்கணுமாம்

அக்கா, உங்க பையைக் கொஞ்சம் காலுக்குக் கீழே வச்சுக்கிட்டீங்கன்னா நான் இந்தப் பெட்டியை நிம்மதியா மடியில வச்சுக்குவேன். ஆமா, ஓலைப்பெட்டிதான். மணப்பாட்டுல வாங்கினது. உள்ளே கேக். ஐயோ, மேலே எல்லாம் வைக்கக் கூடாதுக்கா, குலுங்கிரும். கண்டக்டர்கூட "லக்கேஜா?"ன்னு கேட்டார். "இல்லண்ணே, கேக்"னு சொன்னேன். "அப்போ அதுக்கு ஒரு டிக்கெட் எடுத்து ஜன்னலோரமா உக்கார வைம்மா"ங்கார். கிண்டல்! கிறிஸ்மஸ் வந்தாலே எல்லாருக்கும் வாய் நீண்டுருது.

நீங்க பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டா? நான் அதுக்கு முந்தி, சமாதானபுரம். ஒரு தொழில் விஷயமாப் போறேன்.

என் பேரு பெனினா. குரும்பூர்ல ஜெராக்ஸ் கடை. இன்னைக்கு ஷட்டரை இறக்கிட்டு வந்துட்டேன். அவசரக்காரங்க பக்கத்துல நாசரேத்துக்குப் போகட்டும். ஜெராக்ஸ் கடையில என்ன தொழில் விஷயம்னு கேப்பீங்க. அதான் இந்தக் கேக்.

இதை ஆரம்பத்துல இருந்து சொல்லணும். உங்களுக்குத் தூக்கம் வரலையே?

எங்க கடையில ஒரு வழக்கம் உண்டு. வழக்கம்னா, ஜனங்க பண்ற தப்பு. ஜெராக்ஸ் எடுத்துட்டு நகலை மட்டும் பத்திரமாக் கொண்டு போவாங்க. ஒரிஜினல் மிஷின் கண்ணாடிக்கு அடியிலயே கிடக்கும். சாயங்காலம் தலைதெறிக்க ஓடி வருவாங்க. போன ஐப்பசி மழையில அப்படி ஒரு காகிதம் கிடந்தது. கையெழுத்துல ஒரு கேக் செய்முறை. மேலே சிலுவைக் குறி போட்டு, "நல்லா அடிக்கணும்"னு ரெண்டு தடவை அடிக்கோடு. யாரோ வருவாங்கன்னு எடுத்து வச்சேன். யாரும் வரலை. ஒரு வாரம் அது என்னைப் பார்த்துக்கிட்டே இருந்தது.

நான் யாருக்கா? நாள் பூரா ஒண்ணை ரெண்டாக்குறவ. ரெண்டை நாலாக்குறவ. இல்லாத ஒண்ணை என் கையால உண்டாக்குனதே கிடையாது. ஒரு நாள் மழையில கடைக்கு யாரும் வரலை. திடீர்னு ஒரு கிறுக்கு. கடையைச் சாத்திட்டு முட்டையும் வெண்ணெயும் வாங்கிட்டு வீட்டுக்குப் போயிட்டேன். எங்க அப்பா கேட்டாங்க, "ஏட்டி, யாருக்குப் பிறந்தநாள்?" "கேக்குக்குத்தான்"னேன். எனக்கே சிரிப்பு.

வீட்டுல ஓவன் எல்லாம் இல்லை. எங்க ஊர்ல யார் வீட்டுலயும் கிடையாது. கிறிஸ்மஸ் வந்தா மாவைக் கரைச்சு, டின்னுல ஊத்தி, பேக்கரிக்குத் தூக்கிட்டுப் போவோம். பேக்கரியில செங்கல்லாலே கட்டின பெரிய அடுப்பு, போர்மான்னு சொல்லுவோம். விறகைப் போட்டு எரிச்சு, தணலை வாரிட்டு, அந்தச் சூட்டுல முதல்ல ரொட்டி. ரொட்டி வெந்த பொறவு சூடு கொஞ்சம் தணியும். அந்தத் தணிஞ்ச சூட்டுலதான் ஊர்க்காரங்க கேக்கு. எல்லா டின்னும் ஒண்ணு போல இருக்கும் பாருங்க, அதனால ஆளுக்கு ஒரு அடையாளம். ஒருத்தர் முந்திரியை வட்டமா வைப்பாங்க, ஒருத்தர் டின்னுல ஆணியால கீறி வைப்பாங்க.

நான் ஜெராக்ஸ் கடைக்காரி இல்லையா, கலர் பேப்பர்ல நட்சத்திரம் வெட்டி, ஈர்க்குல ஒட்டி, மாவு நடுவுல குத்தி வச்சுட்டேன். என்னா அழகு! அப்படியே உள்ளே வச்சா என்ன ஆகும்? கருகி, கேக்கு மேலே காக்கா உக்கார்ந்த மாதிரி வந்தது.

பேக்கரிக்காரர் பேரு தேவஇரக்கம். நாற்பது வயசு இருக்கும். கல்யாணம் ஆகலை. வாயைத் திறந்து பேசினாத்தானே ஆகும். என் கருகின நட்சத்திரத்தை எடுத்துக் கையில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். "அடுத்த தடவை இதை என்கிட்ட குடுத்துருங்க. வெந்த பொறவு நானே குத்தி வைக்கிறேன்"னார். அவர்கிட்ட அவ்வளவு நீளமா வார்த்தை வந்து ஊர்ல யாருமே கேட்டதில்லை.

பொறவு கேக்குல ஒரு துண்டை வெட்டி வாயில போட்டார். மெதுவா மென்னார். முழுங்கினார். "நல்லா இருக்கு"ன்னார். எனக்குத் தலைகால் புரியலை. ஓட்டமா வீட்டுக்கு வந்து அப்பாவுக்கு ஒரு துண்டு குடுத்தேன். அப்பா வாயில வச்சுட்டு, நேரா கொல்லைப்பக்கம் போயிட்டாங்க. நானும் தின்னு பார்த்தேன். சோப்புக்கா! சுத்தமான சோப்பு! ஆப்பசோடாவைக் கிள்ளிப் போடச் சொன்னதை நான் கரண்டியால போட்டிருக்கேன். இத்தனைக்கும் அந்த பேக்கரிக்காரர், பன்னுல உப்பு ஒரு சிட்டிகை குறைஞ்சா தட்டோட மாட்டுத் தொட்டியில கொட்டுறவர். தன் பன்னுன்னா அவ்வளவு கவனம், அடுத்தவ கேக்குன்னா வாய்க்கு வந்ததைச் சொல்றதா? கோபம் கோபமா வந்தது. மறுநாள் போய்க் கேட்டேன். "சோப்பைத் தின்னுட்டு எப்படி நல்லா இருக்குன்னீங்க?" அதுக்கு அவர், "சனிக்கிழமை மறுபடி கொண்டு வாங்க"ன்னார். கேட்டதுக்குப் பதிலா இது?

ஆனா கொண்டு போனேன். விடுவேனா? சனிக்கிழமை சனிக்கிழமை கொண்டு போனேன். கருப்பட்டி போட்டு ஒண்ணு. ஆரஞ்சுத் தோலைத் துருவிப் போட்டு ஒண்ணு. சுக்கும் ஏலமும் போட்டு ஒண்ணு, அதைத் தின்னு அப்பாவுக்கு இருந்த சளி போயிருச்சு. ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு அடையாளம். நட்சத்திரம் அலுத்துப் போய் ஆடு வெட்டினேன். ஆட்டுக்குப் பொறவு ஒட்டகம். ஒரு நாள் ஆதார் கார்டு ஜெராக்ஸ் எடுக்க வந்த பெரியவரு, நான் ஒட்டகத்தை வெட்டி முடிக்கிற வரைக்கும் நின்னுக்கிட்டே இருந்தார். கடைசியில, "கழுத்து இன்னும் கொஞ்சம் நீளம் இருக்கலாம் தாயி"ன்னு யோசனை வேற. நான் வெட்டின மூணு ஞானிகள்ல ஒருத்தருக்கு நம்ம கண்டக்டர் மாதிரியே மீசை. அந்தாப் பாருங்க, அதே முறுக்கு! எனக்கு ராத்திரி படுத்தா கண்ணுக்குள்ள கலர் கலரா ஓடும்க்கா. நாளைக்கு என்ன வெட்டலாம், என்ன கலக்கலாம்னு காலையில எழுந்திருக்கவே ஆசையா இருக்கும். முப்பத்துநாலு வயசுல இதெல்லாம் வருமா? வந்துச்சு!

இந்த இடத்துல அந்த ஆளோட கஞ்சத்தனத்தைச் சொல்லணும். வெந்த பொறவு நானே குத்தி வைக்கிறேன்னு வாங்கி வச்சுக்குவார் இல்லையா? கேக்கு வரும், ஒட்டகம் வராது. கேட்டா, "எங்கேயோ விழுந்துருச்சு, அடுத்த வாரம் வேற கொண்டு வாங்க"ன்னுவார். ஒரு நாள் உள்ளே எட்டிப் பார்த்தா, மைதா மூட்டைக்கு மேலே, கடிகாரத்தைச் சுத்தி, என் ஆடு, என் ஒட்டகம், என் நட்சத்திரம் எல்லாம் வரிசையா ஒட்டி வச்சிருக்கார். அந்த முதல்நாள் கருகினது உட்பட! "ஏன்யா, கடைக்கு அலங்காரம் வேணும்னா காசு குடுத்து வாங்கக் கூடாதா? கருகினதைக்கூட விடலையே"ன்னு கேட்டுட்டேன். காது ரெண்டும் சிவந்துருச்சு. மாட்டிக்கிட்டா அப்படித்தானே?

கோபத்துல 'யா' போட்டுட்டேன். பொதுவா நான் மரியாதையா அண்ணாச்சின்னுதான் கூப்பிடுவேன். எங்க பக்கம் கடை வச்சிருந்தா எல்லாரும் அண்ணாச்சிதானே. அதுக்கும் ஒரு வம்பு. "நீங்க மட்டும் என்னை அண்ணாச்சின்னு கூப்பிட வேண்டாம்"னார். ஊரே கூப்பிடுது, நான் மட்டும் கூடாதாம். அப்போ எப்படித்தான் கூப்பிடன்னு கேட்டேன். "பேரைச் சொல்லியே கூப்பிடலாம்"னார். பெரியவங்களைப் பேர் சொல்லியா? அதுல இருந்து எதுவும் சொல்லாம "ஏங்க"ன்னு கூப்பிடுறேன். அதுக்கு மட்டும் மூஞ்சி மலர்ந்து போச்சு. புரியாத ஆளு.

என்னக்கா, இருமுறீங்க? தண்ணி தரட்டுமா?

அட, ஆழ்வார்திருநகரி வந்துருச்சா. இனி வேகமாச் சொல்றேன்.

கார்த்திகை கடைசியில என் கேக்கு ருசி பிடிபட்டுருச்சு. ஊர்ல ஆள் ஆளா கேட்க ஆரம்பிச்சாங்க. எனக்கு ஒரு ஆசை விழுந்தது. ஆசைன்னா சின்ன ஆசை இல்லை. அந்த பேக்கரிக் கண்ணாடி அலமாரியில, மக்ரூனுக்கும் வெண்ணெய் பிஸ்கட்டுக்கும் நடுவுல, 'பெனினா கேக்'னு என் பேரு போட்டு விக்கணும். என் பேரு! காலமெல்லாம் ஊரார் பேரையும் ஊரார் கையெழுத்தையும் நகல் எடுத்தவ. ஒரே ஒரு இடத்துல என் பேரு ஒரிஜினலா இருக்கட்டுமே. இது வாழ்க்கையில எனக்கு முதல் ஆசை, இது நடக்கணும்னு தினம் ஜெபம் பண்றேன்.

கேக்குக்கு நல்ல பெட்டி வேணும்னு அவரும் நானும் மணப்பாட்டுக்குப் போனோம். அங்கேதான் ஓலையில அழகா முடைவாங்க. அவர் மொபெட்டுல நான் பின்னாடி, நடுவுல ஒரு சாக்குப்பை. அந்த வண்டி என்ன வேகம் தெரியுமா? ஒரு தாத்தா சைக்கிள்ல எங்களைத் தாண்டிப் போனார். போகும்போது திரும்பிப் பார்த்துச் சிரிச்சுட்டு வேற போனார். "வண்டிக்கு உடம்பு சரியில்லையா?"ன்னு கேட்டேன். "நல்லாத்தான் இருக்கு"ன்னார். பெட்ரோலை மிச்சம் பிடிக்கிறார், வேற என்ன. ஆனா அன்னைக்கு மாதிரி ஒரு நாள் நான் கண்டதில்லைக்கா. பனங்காடு, உப்புக்காத்து, தேரி மண்ணு செக்கச்செவேல்னு. நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே வந்தேன். கோயில் மேட்டுல ஏறிக் கடலைப் பார்த்துக்கிட்டு நின்னோம். நிலக்கடலை வாங்கித் தந்தார். கஞ்சன் வாங்கித் தந்ததாலே நானும் ரசிச்சுத் தின்னேன்.

அப்போ அவர் சொன்னார், "கடை ஒருத்தனாப் பார்க்க முடியலை."

"ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வைங்க"ன்னேன்.

"சம்பளத்துக்கு வர்ற ஆள் இல்லை நான் தேடுறது"ங்கார்.

பார்த்தீங்களா? சம்பளமே குடுக்காம ஆள் வேணுமாம்! "அப்படி எந்த மடச்சி வருவா?"ன்னு கேட்டேன். அவர் கடலையே பார்த்துக்கிட்டு நின்னார். சரி, மனுஷன் வருத்தத்துல இருக்கார், இதுதான் சமயம்னு நான் என் விஷயத்தை எடுத்தேன். "நான் வேணா உங்க கடையில சேர்ந்துக்கிடட்டுமா?"

அவர் கையில இருந்த கடலை எல்லாம் கீழே கொட்டிருச்சு.

"கூட்டா, கேக்குக்கு மட்டும். என் பேரு போடணும்"னு விளக்கமாச் சொன்னேன். அவர் குனிஞ்சு கடலையைப் பொறுக்கிக்கிட்டே, "அதை நான் மட்டும் முடிவு பண்ண முடியாது. கடையில அக்காவுக்கும் பங்கு இருக்கு. பாளையங்கோட்டையில இருக்காங்க. அவங்க ஒரு தடவை பார்க்கணும்"னார். "கேக்கையா?"ன்னேன். "ஆமா, கேக்கு... கேக்கைத்தான்"னார்.

அந்த அக்கா பேரு லில்லிபுஷ்பம். போன்ல பேசினாங்க. எவ்வளவு விவரம்! என்ன வயசு, என்ன படிச்சிருக்கே, கோயில்ல பாட்டுக்குழுவுல இருக்கியா, அப்பாவைத் தனியா விட்டுட்டு வந்துருவியா, இல்ல அப்பாவையும் கூட்டிட்டு வந்துருவியா, எங்களுக்கு ரெண்டும் சம்மதம். கூட்டுத் தொழில்னா விசாரிப்பாங்கதானே? பேங்குல லோனுக்குக்கூட இவ்வளவு கேட்கலை. நானும் ஒண்ணு விடாமச் சொன்னேன். அப்பாகிட்ட சொன்னா, அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. "பேக்கரி நம்ம வீட்டுல இருந்து ரெண்டு தெரு தள்ளித்தானே?" "ஆமாப்பா." "அப்போ போயிட்டு வா. அந்த மாம்பழக்கலர்ப் பட்டைக் கட்டிக்கோ." கேக்கைப் பார்க்கிறவங்களுக்குப் பட்டுச்சேலை எதுக்குப்பான்னு கேட்டேன். "கேக்குக்கு மரியாதை"ன்னாங்க.

சேலையைப் பத்தி நீங்களும் நினைச்சிருப்பீங்க. அதான் சொன்னேன்.

ஒண்ணு சொல்லட்டா? இந்தப் பயணத்துல எனக்கு ரொம்பச் சந்தோஷம் என்னன்னா, இன்னைக்கு யாரும் என்னைப் பார்க்கப் போறதில்லை. கேக்கைத்தான் பார்ப்பாங்க. என்னை எத்தனை பேர் பார்த்திருக்காங்க தெரியுமா? வந்து, பஜ்ஜியைத் தின்னு, ஊருக்குப் போய்ச் சொல்லி விடுறோம்னு போறவங்க. ஒரு வீட்டு அம்மா, நாள் பூரா நின்னு வேலை பார்க்கிறவ, கால் வீங்கியிருக்கான்னு பார்க்கணும்னு கொஞ்சம் நடக்கச் சொன்னாங்க. நடந்தேன். நடந்து, அடுக்களைக்குப் போய், கொல்லைக் கதவு வழியா கடைக்கே போய்ட்டேன். அவங்க அங்கேயே உக்கார்ந்திருந்தாங்களாம்! அன்னைக்கு அப்பாகிட்டச் சொல்லிட்டேன். இனி ஒரு ஆளு என்னைப் பார்க்க இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது. அப்பாவும் சத்தியம் பண்ணிக் குடுத்தாங்க. இது வரைக்கும் ஒருத்தரும் வரலை. அப்பா வாக்குத் தவறமாட்டாங்க.

ஐயோ! ஐயோ பெட்டி! அக்கா பிடிங்க! அண்ணே, பார்த்து ஓட்டக் கூடாதா? ஆடு குறுக்கே வந்தா என்ன, உள்ளே கேக்கு இருக்குல்ல!

திறக்கவே பயமா இருக்கே. நீங்க திறங்க. இல்லை, நானே திறக்கேன்.

போச்சு. நடுவுல விரிஞ்சுருச்சு பாருங்க. இந்த ஓரம் தனியாவே வந்துருச்சு. செய்துங்கநல்லூர் தாண்டியாச்சு, இனி என்ன பண்ண? விரிஞ்ச கேக்கைக் கொண்டு போய் எப்படி நீட்டுவேன்? என் பேரு போடச் சொல்லி எந்த முகத்தோட கேட்பேன்?

போன் வேற அடிக்குது. அவர்தான். காலையில இருந்து இது எத்தனாவது தடவையோ.

ஹலோ... ஏங்க, கேக்கு உடைஞ்சுருச்சுங்க... ஆமா... பிரேக் போட்டதுல... எனக்கு ஒண்ணும் ஆகலை, கேக்குக்குத்தான்... நடுவுல... என்னது? இல்ல, என்ன சொன்னீங்க?... அப்படின்னா... சரி. வைக்கிறேன்.

நல்லா இருக்கு கதை. நான் அழாத குறையாச் சொல்றேன், "கேக்கு போனாப் போகுது, நீங்க மட்டும் போய் இறங்கினாப் போதும்"ங்கார். நான் மட்டும் போனாப் போதுமாம்! கேக்கு இல்லாம நான் போய் அங்கே என்ன செய்ய? அவங்க எதைப் பார்ப்பாங்க? வெறுமனே நான் போய் நின்னா அவங்க என்னத்தை...

...

அக்கா.

நீங்க ஏன் என் கையைப் பிடிக்கிறீங்க?

உங்களுக்கு எப்பத் தெரிஞ்சது? எது, அண்ணாச்சின்னு கூப்பிடாதேன்னு சொன்னப்பவா? அப்போ ஆழ்வார்திருநகரியிலேயே தெரிஞ்சுருக்கு! தெரிஞ்சுக்கிட்டா இருமுனீங்க? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? இருங்க, எங்க அப்பா... கேக்குக்கு மரியாதையாம்! எங்க வீட்டு வாசப்படியைத்தான் யாரும் மிதிக்கக் கூடாது, அதனால நானே போய் அவங்க வாசப்படியை மிதிக்கிறேன். டிக்கெட்டும் நான்தான் எடுத்திருக்கேன். பட்டுச்சேலையைக் கட்டிக்கிட்டு, பலகாரத்தையும் தூக்கிக்கிட்டு! இப்படி உலகத்துல எவளாவது போயிருப்பாளா?

சிரிக்காதீங்க. நீங்க சிரிச்சா எனக்கும் சிரிப்பு வருது. எனக்குக் கோபம் வரணும். இருங்க, வரட்டும்.

வரமாட்டேங்குதே!

நான் சமாதானபுரத்துல இறங்கலைன்னா? உங்க கூடவே பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, அப்படியே அடுத்த பஸ்ஸுல திரும்பிட்டா? யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. கேக்கு உடைஞ்சுருச்சுன்னு சொல்லிரலாம்.

என்ன கேட்டீங்க? அந்த மனுஷனைப் பிடிச்சிருக்கான்னா? அது... எப்படிச் சொல்ல. அவர் கடைக்குப் போய்ட்டு வந்தா அன்னைக்குக் கத்தரிக்கோல் நல்லா வெட்டும்க்கா. கழுத்து, காலு, வாலு எல்லாம் தன்னாலே வரும். போகலைன்னா ஒட்டகம் கழுதையாயிரும். இதுக்குப் பேரு பிடிச்சிருக்குன்னா, பிடிச்சிருக்கு. என்னைப் போட்டு இப்படி ஒரு பஸ்ஸுல வச்சுச் சொல்ல வைக்கிறீங்களே.

கிருஷ்ணாபுரம் போயிருச்சா? அப்போ வந்தாச்சு. பூ சரியா இருக்கா? மூஞ்சி துடைச்சுக்கிடட்டா?

அந்தா நிக்காங்க பாருங்க, ஸ்டாப்புல. ஊதாச் சேலைதான் லில்லிபுஷ்பம் அக்காவா இருக்கணும், அவருக்கு இருக்கிற அதே காது! பக்கத்துல எத்தனை பேரு! ஒரு கேக்கைப் பார்க்க வீடே திரண்டு வந்திருக்கு. பிள்ளைகளுக்கெல்லாம் புதுச் சட்டை வேற.

அண்ணே, சமாதானபுரம் இறங்கணும்! கொஞ்சம் நின்னு எடுங்க!

இந்தாங்க, இந்த உடைஞ்ச ஓரத்தை நீங்க எடுத்துக்கோங்க. இல்ல, பிடிங்க. அவங்க பார்க்கிறதுக்கு முந்தி நீங்க தின்னுட்டுச் சொல்லுங்க. எப்படி இருக்கு? நிஜமாவா? கண்ணைப் பார்த்துச் சொல்லுங்க. அது போதும்.

நடுவுல விரிஞ்சிருக்கிறதை நான் மறைக்கப் போறதில்லை. நான் இறங்கிப் போய் முதல்ல அந்த அக்காகிட்டக் கேட்கப் போறது கேக்கைப் பத்தித்தான், வேற பேச்சுக்கு விடமாட்டேன். கல்யாணம் ஆனா அவர் பேரை என் பேருக்குப் பின்னாடி போடுறதெல்லாம் பொறவு பேசிக்கலாம். முதல்ல கண்ணாடி அலமாரியில என் பேரை அவர் போடட்டும்.